மேட்டுக் கொல்லைக்கு முறை இல்லை

மழை பிடித்தால் அப்பா ஏன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார் என்று போன வாரம் சின்னவள் கேட்டாள். உங்கள் அம்மா, "அவருக்கு ஊட்ல உக்கார முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். பெரியவள் அதோடு விடவில்லை. நம் கழனியில் வெட்டுவதாக இருந்த குட்டை என்ன ஆனது, ஏன் அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்று கேட்டாள். இரண்டும் ஒரே கேள்விதான், அது உங்களுக்குத் தெரியாது. வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் யாராவது வாசலில் வந்து கூப்பிடுவார்கள், பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில், திருத்தணி ஆபீஸிலிருந்து ஒரு இளம் இன்ஜினீயர் நம் ஊருக்கு வந்தார். ஊராட்சி ஆபீஸில் கூட்டம். மழைத் தண்ணீர் நிலத்தின் மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, பெரிய வரப்பு போடவும், கல் அடுக்கித் தடுப்பு கட்டவும், குட்டை வெட்டவும் அரசாங்கம் பணம் தருகிறது என்றார். ஆனால் இந்த வருடம் வந்திருக்கும் பணத்தில் பன்னிரண்டு பேர் நிலத்தில்தான் வேலை செய்ய முடியும். யாருக்கு முதலில் என்று ஊரே வரிசை போட்டுக் கொடுங்கள், அதன்படி செய்கிறோம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போன தூசி அடங்குவதற்குள் சண்டை வந்துவிட்டது. நிலம் குறைவாக இருப்பவனுக்கு முதலில் என்றார் ஒருவர். நிலத் தீர்வை ஒழுங்காகக் கட்டியவனுக்கு என்றார் இன்னொருவர். போன தேர்தலில் யார் யார் பக்கம் நின்றார்கள் என்பது வரை பேச்சு போய்விட்டது. அப்போது எழுந்து நின்றவன் நான்தான். நம் ஊரில் யாரும் சண்டை போடாத வரிசை ஒன்று இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்றேன். தண்ணீர் முறையைச் சொன்னேன்.

முறை என்றால் உங்களுக்குக் கொஞ்சம் தெரியும். ஏரி மடை திறந்ததும் எந்தக் கழனிக்கு முதலில் தண்ணீர், எத்தனை நேரம், அடுத்தது யார் என்பது ஒரு நீள நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு உங்கள் மாமாவிடம், அதாவது நான் பாவா என்று கூப்பிடுகிற உங்கள் அம்மாவின் அண்ணனிடம் இருக்கிறது. முறையை விலைக்கு வாங்க முடியாது. கட்சிக்காரன் வந்தாலும் மாற்றமாட்டார்கள். சாவு விழுந்த வீட்டுக்கு முறை தப்பாது, பக்கத்துக் கழனிக்காரன் போய் அவர்களுக்காகத் தண்ணீர் கட்டிவிட்டு வருவான். நம் ஊரில் ஞாயம் என்று நான் கண்ணால் பார்த்த ஒன்று அதுதான். நான் சொன்னதும் கூட்டம் அப்படியே அடங்கியது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். பாவா நோட்டைப் பார்த்துப் படித்தார், நான் எழுதினேன். முதல் பன்னிரண்டு பேர். நம் கழனி ஏழாவது. பாவாவுடையது ஒன்பதாவது.

நம் பங்குக்கு நான் கேட்டது குட்டை. அப்போது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய், பெரியவளே. பள்ளியில் கேட்டார்கள் என்று சார்ட் தாளில் அந்தக் குட்டையை வரைந்து கொண்டுவந்தாய். மூலைக்கு ஒரு தென்னை, நடுவில் கெண்டை மீன், கரையில் நாம் நான்கு பேர். சின்னவளுக்கு மட்டும் தொப்பி போட்டிருந்தாய். அதைச் சோற்றுக் கஞ்சியில் ஒட்டி அலமாரிப் பக்கத்துச் சுவரில் வைத்தோம்.

பட்டியலை ஆபீஸில் கொடுத்துவிட்டுப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். நல்ல காரியம் செய்த மிதப்பு. கே.ஜி.கண்டிகையில் இறங்கி ஒரு டீ சொன்னேன். அங்கே நம் நடவுக்கு ஆள் கூட்டி வருவாளே, உங்களுக்கு வேர்க்கடலை அவித்துக் கொண்டுவந்து கொடுப்பாளே, அந்த அம்மா ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தாள்.

"லிஸ்ட்டு குட்த்துட்டு வர்றீங்களாண்ணா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"எங்க கொல்ல எத்தினியாவது கீது?"

முறைப்படி எழுதியிருக்கிறோம், யாருக்கும் ஓரம் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"எங்களுக்கு இன்னாண்ணா முறை கீது? ஏரித் தண்ணி மேட்டுக்கு ஏறிக்கினு வந்தா நானும் நோட்டுல பேர் எழுதிக்குவேன்."

கையில் இருந்த டீ ஆறிப்போகும் வரை அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது குடிக்கத் தோன்றவில்லை. மலையடிவாரத்தில் இருக்கும் மானாவாரி மேட்டுக் கொல்லைகளுக்கு ஏரித் தண்ணீர் பாயாது. பாயாத நிலத்துக்கு முறை இல்லை. முறை இல்லாதவர் பேர் நோட்டில் இல்லை. மண் அடித்துப் போகிற நிலத்துக்கு என்று வந்த பணத்தை, மண் அசையாத ஏரிக் கழனிகளுக்கு வரிசை போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் அழகான கையெழுத்தில். கூட்டத்தில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் அன்றைக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். கூட்டம் வேலை நேரத்தில் நடந்தது.

ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். அதே ஆட்டோவில் போனேன்.

அவள் மாமனாருக்கு அரசாங்கம் கொடுத்த முக்கால் ஏக்கர். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன், அந்தக் கொல்லைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. மேலிருந்து கீழ் வரை செம்மண் நிலத்தின் நடுவே மழைத் தண்ணீர் அரித்து ஒரு ஓடை விழுந்திருந்தது. நான் உள்ளே இறங்கி நின்றால் இடுப்பு வரை இருந்தது. சிமெண்ட் சாக்கில் மண் கட்டி அடுக்கியிருந்தாள், பனைமட்டையைச் செருகியிருந்தாள், உடைந்த அம்மிக்கல்லைக்கூட உருட்டிப் போட்டிருந்தாள். ஒரு பக்கத்தில் சர்வே கல் பாதி வெளியே வந்து சாய்ந்து நின்றது. ஓடைக்கு இந்தப் பக்கம் விதைக்கிற அளவு மண் இருந்தது. அந்தப் பக்கம் சரளைக்கல்தான். ஐப்பசி மழை இன்னும் ஒன்று இதே மாதிரி இறங்கினால் இந்தப் பக்கமும் போய்விடும், அப்புறம் எனக்குக் கொல்லை என்று பட்டா தாள்தான் இருக்கும் என்றாள். அழுது சொல்லவில்லை. நாற்று எத்தனை கட்டு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"மண்ணு எங்க போச்சின்னு கேக்கலியே நீங்க" என்றாள்.

நான் ஓடையிலிருந்து ஏறுவதற்குள் அவளே சொன்னாள்.

"ஏரில தூர் வார்றப்போ டிராக்டர் வெச்சி வண்டல் அள்ளிக்கினு போய் உங்க கழனில கொட்டுனீங்க இல்ல. போன வருசம் நட வந்தப்போ கால வெச்சதும் தெரிஞ்சிது எனுக்கு. செவப்பு கலந்துகினு கீது. ஏரி மண்ணு செவப்பா இருக்குமாண்ணா?"

அந்த வருடம் நமக்கு நெல் கூடுதலாக விளைந்தது. வண்டல் போட்டதால்தான் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் உன் குட்டை. கழனிக்குப் போனால் காலடியில் சிவப்பு மண். வண்டியை எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் பள்ளிப்பட்டு வரை போய்விட்டுத் திரும்பினேன். பேசாமல் விட்டுவிட்டால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. அவளும் கேட்கமாட்டாள், நடவுக்கு ஆள் கூட்டி வந்துகொண்டுதான் இருப்பாள். அதுதான் என்னை அதிகம் படுத்தியது. உங்கள் அம்மாவிடம் சொன்னபோது முதலில் கோபப்பட்டாள். பிள்ளை ஆசையாய் வரைந்து ஒட்டியிருக்கிறாளே என்றாள். சற்று நேரம் கழித்து, அந்தக் கொல்லையில் எத்தனை மூட்டை விளையும் என்று கேட்டாள். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் குட்டையைப் பற்றிப் பேசவில்லை.

பட்டியலைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஒரு நாள் திருத்தணிக்குக் கிளம்பினேன். அவசரத்தில் அன்றைக்கு ஆடிக் கிருத்திகை என்பது மறந்துபோய்விட்டது. இந்தப் பக்கத்தில் பிறந்து அதை மறந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக எல்லோரும் மலைப்பக்கம் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் ஆபீஸ் பக்கம் இடித்துக்கொண்டு எதிரே நடந்தேன். அரோகரா சத்தத்தில் ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து, மலை அந்தப் பக்கம் என்று திருப்பிவிட்டார். ஆபீஸில் பாதிப் பேர் திருவிழா டியூட்டியில் இருந்தார்கள். நல்லவேளை, இன்ஜினீயர் இருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு, கொல்லை ஒன்றுகூட இல்லையே என்று தனக்கும் அன்றே தோன்றியது என்றார். பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன்.

"ஊரே ஒத்துப்போய்க் குடுக்குற லிஸ்ட்டு எங்க கெடைக்குதுங்க? சண்ட இல்லாம வந்துதேன்னு வாங்கி வெச்சிக்கினேன்."

அவரையும் குறை சொல்ல முடியவில்லை, நானும் அதே சந்தோஷத்தில்தான் கொடுத்தேன். தன்னால் ஒரு பேரையும் மாற்ற முடியாது, கிராம சபையில் மறுபடி தீர்மானம் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் மலையை வரைந்து காட்டினார். சரிவில் வேலை செய்தால் மேலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த அம்மாவின் கொல்லைக்கு மேலே இரண்டு கொல்லைகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இவள் நிலத்தில் மட்டும் வரப்பு போட்டால் மேலே இருந்து வருகிற வேகத்தில் முதல் மழையிலேயே உடைந்துவிடும். மூன்றையும் சேர்த்துப் போட்டால்தான் நிற்கும் என்றார்.

அப்படியானால் பன்னிரண்டில் மூன்று இடம் காலியாக வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்று.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் நான் எழுந்தேன். முன்னால் எழுந்தபோது இருந்த தைரியம் இப்போது இல்லை. தப்பு நடந்துவிட்டது, நான்தான் செய்தேன் என்று தொடங்கி, கொல்லைகளைப் பற்றிச் சொன்னேன். பட்டியலை மேலிருந்து மறுபடி எழுதலாம் என்றேன். பாவா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"உனுக்கு வாணாம்னா உன் பேர அடிச்சிக்க மாப்ள. அடுத்தவன் முறைல கைய வெக்காத."

நம் ஊரில் அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நானே பலரிடம் சொல்லியிருக்கிற சொல்.

"பாவா, தண்ணிக்குன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இது மண்ணுக்கு வந்த பணம். தண்ணி மடைலேர்ந்து வருது. மண்ணு மலைலேர்ந்துதான வருது?"

"அப்போ மலைக்கே மொத நம்பர் குட்த்துடு" என்று பின்னால் யாரோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் அவமானமாக இருந்தது.

கடைசியில் பெண்களோடு உட்கார்ந்திருந்த நடவுக்கார அம்மா எழுந்தாள். இந்த முறை அவள் வேலைக்குப் போகவில்லை.

"நான் ஒண்ணும் கேட்டு வர்லீங்க. என் கொல்ல மண்ணு ஏரில எறங்கிக்கினே கீது. ஏரி தூந்து போச்சின்னா நோட்டு இருக்கும், தண்ணி இருக்காது. அத்த மட்டும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஊராட்சித் தலைவர் அம்மாள் குறுக்கிட்டார். வரிசையைக் கலைக்கத் தனக்கு மனமில்லை, யாருக்கு விருப்பமோ அவர்கள் தங்கள் இடத்தை மேட்டுக் கொல்லைக்கு விட்டுக்கொடுக்கலாம், கட்டாயம் இல்லை என்றார். ஏழாவது பேரை நானே அடித்தேன். நான்காவதாக இருந்தவர், கழனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு இருக்கிறவர், எனக்கெதற்கு வரப்பு என்று சொல்லித் தானும் விட்டுக்கொடுத்தார். மூன்றாவது ஆளுக்காகக் காத்திருந்தோம். பாவா மிட்டாய்க் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார். யாரும் எழவில்லை.

இரண்டு இடம். மூன்று கொல்லை. பேசத் தொடங்கியது அவளுக்காக, ஆனால் மேலிருந்து எண்ணினால் அந்த இரண்டில் அவள் இல்லை. நான் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, இன்ஜினீயர் சொன்னதைச் சொன்னேன். ஒன்றை அவளுக்கே கொடுத்துவிடலாம், உடைந்தால் உடையட்டும் என்றுகூட ஒருவர் சொன்னார்.

"உடையறதுக்கு எதுக்குங்க?" என்றாள் அவள். "மேல மொதல்ல போடுங்க. அவங்க தண்ணி நின்னா எனுக்குப் பாதி வேல மிச்சம்."

அப்படித்தான் தீர்மானம் எழுதினோம். அதையும் நான்தான் எழுதினேன். அன்று மாலை உன் சார்ட்டைச் சுவரிலிருந்து பிரித்தேன். கஞ்சி நன்றாகப் பிடித்திருந்தது, ஒரு தென்னையின் பாதி சுவரிலேயே நின்றுவிட்டது. மழையில் ஊறிப்போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். அது என் பீரோவில் இருக்கிறது.

புரட்டாசி முடிவதற்குள் மேலே இரண்டு கொல்லையிலும் வரப்பு போட்டுவிட்டார்கள். அந்த வருட மழையில் அவள் கொல்லை முழுக்கப் போகவில்லை. ஆனால் ஓடை மூடவும் இல்லை. மேல் வரப்பின் கடைசியில் தண்ணீர் வழிவதற்கு விட்ட இடத்திலிருந்து பெருமழைக்கு ஒரு பங்கு வந்து இவள் பக்கம் கடிக்கிறது. சாக்கு அடுக்கினால் அரை நாள் தாங்கும். அடுக்க இரண்டு பேர் வேண்டும், அவள் வீட்டுக்காரர் சென்னையில் கட்டட வேலையில் இருக்கிறார். அதனால் ஒரு ஏற்பாடு. தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பினால் அவள் என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நான் போவேன். மழையில் அப்பா எங்கே போகிறார் என்றால் அங்கேதான்.

போன வருடம் ஒரு பகல் முழுக்க நாங்கள் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தபோது பாவா குடையோடு வந்து மேலே நின்றார். பிறகு குடையை மடித்து வைத்துவிட்டு இறங்கி ஒரு சாக்கைத் தூக்கினார்.

"இந்தம்மா கால்ல கல்லு வுழுந்தா எனுக்கு நடவுக்கு யார் வருவாங்க, மாப்ள?" என்றார்.

"அந்த பயம் இருந்தா சரி நைனா" என்றாள் அவள், சேற்றுக்குள் நின்றுகொண்டு.

பொழுது சாயும் வரை மூன்று பேரும் அடுக்கினோம். பாவா கழனியில் போட்ட வரப்பு நன்றாக நிற்கிறது, தென்னங்கன்று வைத்திருக்கிறார். அதைத் தாண்டிப் போகும்போது எனக்கு அவர் மேல் கோபம் வருவதில்லை. முறையை விடாதவர்தான் என் தண்ணீரையும் ஒரு நாள்கூடத் தப்பவிடாதவர்.

நடுவில் இரண்டு வருடம் திட்டத்துக்குப் பணம் வரவில்லை. இப்போது மறுபடி வந்திருக்கிறது. இந்தத் தடவை எட்டுப் பேருக்குத்தான். நாளைக் காலை பாவா நோட்டோடு வருகிறார், பட்டியலை நான்தான் எழுத வேண்டும் என்று தலைவர் சொல்லியனுப்பியிருக்கிறார். போன முறை விட்டுப்போன ஏரிக் கழனிக்காரர்கள் எங்கள் முறை வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் பொய் இல்லை. பாவா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ. வெள்ளைத் தாளை எடுத்துவைத்து, அவர் வருவதற்கு முன்னால் முதல் வரியில் அவர் நோட்டில் இல்லாத ஒரு பேரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே கோடு மட்டும் போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தூறல் தடித்துவிட்டது. மலைப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது போன் ஒரு முறை அடித்து நின்றது.

பெரியவளே, பள்ளியிலிருந்து வந்ததும் ஜன்னலைச் சாத்து, மேஜை மேல் சாரல் அடிக்கிறது. இந்த நோட்டு நனைந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றைத் தாளை எடுத்து உள்ளே வை. அதில் ஒரு பேர்தான் இருக்கிறது.